வாசனையே இல்லாத தின்னர்

அத்தியாயம் பதினொண்ணு

கேட்டுக்கு உள்ள அண்ணன், வெளிய தங்கச்சி, நடுவுல கம்பிக் கதவு. போன வாரம் அப்படித்தானே விட்டுட்டு வந்தோம்? "நாளைக்கு மீட்டிங்ல பார்த்துக்கலாம்டி"ன்னான் அவன். "பார்த்துக்கலாம்ணா"ன்னா இவ. அந்த நாளைக்குங்கிறது இன்னிக்கு விடிஞ்சிருச்சு.

இந்த வாரம்தான் புதுசா படிக்க வந்திருக்கீங்களா? ஒண்ணும் கஷ்டமில்ல, ரெண்டு வரில சொல்லிடறேன். அண்ணன் பெரியவன், பெயிண்ட் கடை வெச்சிருக்கான். தங்கச்சி சின்னவ, சுகாதார ஆபீஸ்ல வேலை. தினம் டெஸ்ட் கேம்புல நிக்கிறவ, நோயை வீட்டுக்குக் கொண்டு வந்துடக் கூடாதுன்னு ஆபீஸ் பக்கத்துலயே ஒரு ரூம் எடுத்துத் தங்கியிருக்கா. வந்தா கேட்டோட சரி. ஏன்னா வீட்டுக்குள்ள அப்பா இருக்கார். முப்பது வருஷம் பீரோவுக்கும் பஸ்ஸுக்கும் ஸ்ப்ரே பெயிண்ட் அடிச்ச நுரையீரல் அது. சாதா சளி பிடிச்சாலே பத்து நாள் படுக்கைல போட்டுடும். இந்தப் புது வியாதி வந்தா தாங்கவே தாங்காதுன்னு டாக்டர் முகத்துக்கு நேரா சொல்லியாச்சு.

ஊர்ல வேற ஒரே பேச்சு. கடைக்குள்ள மாஸ்க் இல்லாம யாரையும் விடக் கூடாதுன்னு கட்டாயம் பண்ணலாமா, வேண்டாமா? மாஸ்க் போடாத ஆள் உள்ள நின்னா அபராதம் கடைக்காரங்களுக்கு. ஜனங்க சொல்றதைக் கேட்டு ஓட்டெடுக்க மூணு மணிக்கு டவுன் ஹால்ல கூட்டம். கடைக்காரங்க சங்கத்துக்குப் பெரியவன் பேசறான். சுகாதார ஆபீசுக்கு யார் பேசறா? வேற யாரு, நம்ம சின்னவதான்.

காலைல எட்டு மணிக்கு பெரியவன் மாஸ்க்கை மாட்டிக்கிட்டு அப்பா ரூமுக்குள்ள போனான். மருந்தை ஆவியா இழுக்கிற மிஷின் ஒண்ணு இருக்கு. அதுல மருந்தை ஊத்தி, அப்பா மூக்குல கப்பை வெச்சுப் பிடிக்கிறது காலையும் சாயங்காலமும் அவன் வேலை. மாஸ்க் இல்லாம ஒரு நாள் போனதில்ல. அந்த விஷயத்துல குறை சொல்லவே முடியாது.

"என்னடா, இன்னிக்குத் தங்கச்சியோட சண்டையாமே?"ன்னார் அப்பா.

"சண்டை இல்லப்பா, விவாதம்."

"உங்கம்மாகூட நாப்பது வருஷம் விவாதம் பண்ணியிருக்கேன். ஒரு தடவை ஜெயிச்சிருப்பேனா?"

அப்பாவுக்குக் காது மந்தம். எது சொன்னாலும் குனிஞ்சு, காதோரமா வாயை வெச்சு, இழுத்து இழுத்துச் சொல்லணும். பெரியவன் அப்படித்தான் சொன்னான். "இந்தத் தடவை நான் ஜெயிச்சுக் காட்டறேன்ப்பா!"

வெளிய வந்தா டீ தயாரா இருந்தது. ஒரு வாய் குடிச்சிட்டு வெச்சுட்டான்.

"என்ன இது, வெந்நீரா?"

"ரெண்டு ஸ்பூன் சர்க்கரை, நல்ல டிக்காஷன். மீட்டிங் நெனப்புல உங்க நாக்கு எங்கயோ போயிடுச்சு"ன்னா அவன் பொண்டாட்டி. சின்னவளுக்கு அண்ணி ஆச்சே, நாமளும் அண்ணின்னே வெச்சுக்குவோம். கடைல கல்லாவுல உக்கார்றதும் அவதான்.

கடையைத் திறந்து அரை மணி நேரத்துல முதல் தகராறு.

கண்ணாடி போட்ட ஒரு பெரிய மனுஷர், மாஸ்க்கைக் கழட்டிக் கைல சுருட்டி வெச்சுக்கிட்டு கலர் அட்டையைப் பார்க்கிறார். ஆறடி தள்ளி ஒரு டீச்சரம்மா, கதவுக்கு ரெண்டு டின் பெயிண்ட் வாங்க வந்தவங்க.

"சார், மாஸ்க்கைப் போடுங்க"ன்னாங்க டீச்சரம்மா.

"போட்டா கண்ணாடில ஆவி படியுதும்மா. போன வாரம் க்ரீம்னு நெனச்சு மஞ்சளை வாங்கிட்டுப் போய் வீடே மஞ்சக்காமாலை வந்த மாதிரி நிக்குது. என் பொண்டாட்டி என்னோட பேசறதில்ல."

"அது உங்க வீட்டுப் பிரச்சனை. அவர் போடறவரைக்கும் நான் வெளிய நிக்கறேங்க."

"நில்லுங்களேன், யார் வேண்டாம்னா?"

ரெண்டு பேரும் திரும்பிப் பெரியவனைப் பார்க்கிறாங்க. அவர் பத்து வருஷ வாடிக்கை. டீச்சரம்மா சொன்னா அவங்க தெருவே இங்கதான் வாங்கும். பெரியவன் நடுவுல நின்னு கையைப் பிசையறான். கடைசில அட்டையைக் கொண்டுபோய் வாசல் வெளிச்சத்துல வெச்சு அவரை அங்க நிக்க வெச்சான். சமாதானம் ஆச்சு. ஆனா அவன் விடல, கல்லாவுல இருந்த பொண்டாட்டி பக்கம் திரும்பினான்.

"பார்த்தியாடி? இதைத்தான் சொல்றேன். சட்டம் போட்டா இந்தப் பஞ்சாயத்தை தினம் நான் பண்ணணும். நான் பெயிண்ட் விக்கவா, காவலுக்கு நிக்கவா? ஒருத்தன் கை ஓங்கினா யார் வந்து பிடிப்பா? உன் நாத்தனாரா?"

அண்ணி பில் புக்கைப் புரட்ட ஆரம்பிச்சா. நாத்தனாருக்கும் புருஷனுக்கும் நடுவுல மாட்டினவ, பாவம், வாயைத் திறக்காம இருக்கிறதே பெரிய சாமர்த்தியம்.

அந்த எரிச்சலோடயே ஒரு பெயிண்டருக்காகப் புதுத் தின்னர் டின்னை உடைச்சான். பெயிண்டைக் கரைக்கிற தின்னர் தெரியுமில்லையா? மூடியைத் திறந்தா தெருக்கோடி வரைக்கும் நெடி போகும். பெரியவன் மாஸ்க்கை இறக்கிட்டு மூக்கை டின்னுக்குள்ளயே விட்டான். நிமிர்ந்தான். மறுபடி விட்டான்.

"தண்ணி! வெறும் தண்ணியை ஊத்தி அனுப்பியிருக்கான் பாவி!"

"என்னங்க சொல்றீங்க? எனக்கு இங்க கல்லா வரைக்கும் நெடி அடிக்குதே."

"அது நேத்து தரைல சிந்தினது. இதுல ஒரு வாசனையும் இல்ல. பதினெட்டு வருஷமா மோந்து பார்க்கிறேன், எனக்குத் தெரியாதா?"

உடனே சப்ளையருக்குப் போன். "யோவ், என்ன நெனச்சுக்கிட்டிருக்கே? கலப்படம் பண்ணறதுக்கும் ஒரு அளவு வேணாமா?" அந்தப் பக்கம் அந்த ஆள் சத்தியம் பண்ணறான். இந்தப் பக்கம் இவன் கேக்கறதா இல்ல. அண்ணி டின்னையும் பார்த்தா, புருஷனையும் பார்த்தா. ஏதோ கேக்க வாயெடுத்தா. அதுக்குள்ள அடுத்த ஆள் வந்துட்டார்.

இங்க சுகாதார ஆபீஸ்ல சின்னவளைக் கிண்டல் பண்ணியே கொல்றாங்க.

"அண்ணன் ஒரு பக்கம், தங்கச்சி ஒரு பக்கம். டிக்கெட் போட்டே உள்ள விடலாம் போல"ன்னா பக்கத்து சீட்டுக்காரி.

"நீ ஒருத்தி! எனக்கு உள்ளங்கையெல்லாம் வேர்க்குது."

"அண்ணன்தானே, அடிக்கவா போறார்?"

"அடிச்சாக்கூடப் பரவால்ல. கோவத்துல அவன் சாயங்காலம் அப்பாவுக்கு மருந்து வைக்க மறந்துடுவானோன்னு பயமா இருக்கு."

அவ பயமெல்லாம் அந்த ஒரே ரூமைச் சுத்தித்தான். மருந்து, மிஷின், அப்பாவோட மூச்சு. உள்ள போய்ப் பார்க்க முடியாத பொண்ணுக்கு வேற என்ன இருக்கும்?

மூணு மணிக்கு ஹால் நிறைஞ்சுடுச்சு. நாற்காலியைத் தள்ளித் தள்ளிப் போட்டிருந்தாங்க. வந்தவங்க இழுத்து இழுத்துக் கிட்டக்கப் போட்டுக்கிட்டாங்க. மழை வர்ற மாதிரி இருக்குன்னு யாரோ ஜன்னலையும் சாத்தியாச்சு. மேடைல டவுன் தலைவி அம்மா. கீழ ஒரு மைக்கு, அது கை மாறிக்கிட்டே இருக்கு. மைக்கு கைக்கு வந்ததும் ஒவ்வொருத்தரும் மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கறாங்க. மாஸ்க் வேணும்னு பேசறவங்களும் இறக்கித்தான் பேசறாங்க, அதுதான் கூத்து.

"நான் முடி வெட்டறவன். மாஸ்க் கயிறு காதுல மாட்டியிருந்தா காதோரம் எப்படிங்க வெட்டறது? காதோட சேர்த்தா?" ஹாலே சிரிச்சது.

"மருந்துக் கடை வெச்சிருக்கேன். தினம் நூறு பேர் என் முன்னாடி இருமறாங்க. எனக்குக் கைக்குழந்தை இருக்கு. என் உசுருக்கு யார் பொறுப்பு?" சிரிப்பு பட்டுன்னு நின்னுது.

"என் மூச்சு, என் இஷ்டம்!" பின்னாடியிருந்து ஒரு குரல்.

சின்னவ எழுந்தா. மாஸ்க்கை இறக்கல. மைக்கை மட்டும் துடைச்சு வாங்கிக்கிட்டா. "உங்க மூச்சு உங்க இஷ்டம்தாங்க. ஆனா அது வெளிய வந்தப்புறம் உங்ககிட்ட இருக்கறதில்லையே. பக்கத்துல நிக்கறவங்ககிட்ட போயிடுது"ன்னா. சத்தம் போடாம, சாதாரணமா. ரெண்டு மூணு பேர் தலையாட்டினாங்க.

அடுத்து பெரியவன். மாஸ்க்கைக் கழட்டிச் சட்டைப் பைல வெச்சான். தங்கச்சியோட சண்டைன்னா அவன் கழட்டிடுவான். கேட்டுல நின்னு பேசறப்பவும் அப்படித்தான், வாயை மூடிக்கிட்டு அவனுக்குக் கோவப்பட வராது.

"நான் மாஸ்க்குக்கு எதிரி இல்ல. முதல் நாள்லேர்ந்து போடறவன். வீட்டுல சீக்காளி அப்பா இருக்கார், காலைலயும் சாயங்காலமும் மாஸ்க்கோடதான் அவர் பக்கத்துல போறேன். நான் கேக்கறது ஒண்ணுதான். ஒருத்தன் போடலன்னா அவனைப் பிடிங்க, என்னை ஏன் பிடிக்கறீங்க?"

கைதட்டல் பறந்தது. தலைவி அம்மாவே குறிச்சுக்கிட்டாங்க. சின்னவளுக்கும் உள்ளுக்குள்ள பெருமைதான், பொய் சொல்லக் கூடாது. அதுல நியாயம் இல்லாம இல்லையே.

கைதட்டல் வந்தா சும்மா இருப்பானா? இன்னும் கொஞ்சம் ஏத்தினான்.

"பிடிக்க வேண்டியது எவ்வளவோ இருக்கு! இன்னிக்குக் காலைல புதுத் தின்னர் டின் ஒண்ணு உடைச்சேன். மூக்கை உள்ள விட்டு மோந்து பார்க்கறேன், வாசனையே இல்ல! சுத்தக் கலப்படம். வீட்டுல டீ குடிச்சா அதுல ருசியில்ல, பால்லயும் கலப்படம், சர்க்கரைலயும் கலப்படம். அதைப் பிடிங்க மொதல்ல, அப்புறம் மூஞ்சிக்கு வாங்க!"

ஹால் கைதட்டுது. விசில் அடிக்குது. சின்னவளுக்கு ஒண்ணும் காதுல விழல.

வாசனையே இல்ல. டீல ருசியில்ல.

கேம்புல தினம் நூறு பேர்கிட்ட அவ கேக்கற கேள்வி அது. மூக்குல வாசனை தெரியுதா, நாக்குல ருசி தெரியுதா?

எழுந்து நேரா அண்ணன்கிட்ட போனா. "அண்ணா, வெளிய வா."

"என்னடி, தோத்துப் போறோம்னு பயமா?"

"வெளிய வாண்ணா."

அவ குரல் அப்படி நடுங்கி அவன் கேட்டதில்ல. மைக்கை வெச்சுட்டுப் பின்னாடியே போனான். வராந்தால நிறுத்தி, பைலேர்ந்து கைக்குப் போடற சானிடைசர் பாட்டிலை எடுத்து மூடியைத் திறந்து நீட்டினா.

"மோந்து பாரு."

மோந்தான். இன்னும் கிட்ட வெச்சு இழுத்தான்.

"இதுவும் கலப்படம்தான் போல..."ன்னு ஆரம்பிச்சவன் அவ கண்ணைப் பார்த்தான். பாட்டிலைப் பார்த்தான். மூணாவது தடவை இழுத்தான். கண்ணு ரெண்டும் எரிஞ்சு தண்ணி வந்துடுச்சு. வாசனை வரல.

தின்னர் நல்ல தின்னர்தான், பாவம் அந்த சப்ளையர்.

"எத்தனை நாளா இப்படி?"

"இன்னிக்குத்தான். நாலஞ்சு நாளாவே கொஞ்சம் உடம்பு வலி. மீட்டிங் டென்ஷன்னு..." சொல்லிக்கிட்டே ரெண்டடி பின்னாடி போனான். "குட்டி, காலைலகூட அப்பா காதுல வாயை வெச்சுப் பேசினேன்டி."

"மாஸ்க் போட்டிருந்தே இல்ல?"

"பின்ன? போடாம போவேனா?"

"அப்போ பயப்படாத. இப்பவும் போட்டுக்கோ, போடு முதல்ல."

சட்டைப் பைலேர்ந்து எடுத்து மாட்டினான். அப்பதான் சின்னவ அந்த மாஸ்க்கை முழுசாப் பார்க்கறா. நல்ல கெட்டியான வெள்ளை மாஸ்க். நடுவுல ரூபாய்க் காசு அளவுல ஒரு வட்ட மூடி.

"அண்ணா, இது என்ன மாஸ்க்?"

"ஸ்ப்ரே அடிக்கறவங்க போடறது. நம்ம கடைலயே இதுதான் ஒசத்தி. அப்பாவுக்காகன்னே இதை எடுத்து வெச்சேன்."

"அந்த வட்ட மூடி எதுக்கு?"

"அது வால்வுடி. உள்ள இழுக்கற காத்தை வடிகட்டும், விடற மூச்சு அது வழியா..."

வாக்கியத்தை முடிக்கல அவன். அவனே விக்கற சாமான். எத்தனை பெயிண்டருக்கு எடுத்துச் சொல்லி வித்திருப்பான்! வர்ற காத்தை வடிகட்டும், போற மூச்சை அப்படியே திறந்து விட்டுடும். பெயிண்ட் புகைலேர்ந்து போட்டவனைக் காப்பாத்தறதுக்குப் பண்ணினது அது. எதிர்ல இருக்கறவனைக் காப்பாத்த இல்ல.

அவன் கை தானா போய் அந்த மூடியைப் பொத்திக்கிச்சு.

உள்ளேர்ந்து துணிக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார், சங்கத்துல அடுத்த ஆள் அவர்தான். "என்னய்யா, பாதியில விட்டுட்டு வந்துட்டே? ஓட்டு எடுக்கப் போறாங்க. தங்கச்சி கண்ணைக் கசக்கினதும் கவுந்துட்டியா?"

சின்னவளுக்கு என்ன பண்ணணும்னு தெரியும். ஹால்ல இருக்கற எல்லாருக்கும் சொல்லியாகணும், அது அவ வேலை. ஆனா கூடப் பொறந்தவன் பேரை மைக்குல சொல்ல வாய் வரல. நாளைக்கு ஊரே அந்தக் கடை வாசலை மிதிக்காது.

"நானே சொல்லிடறேன்"ன்னான் பெரியவன்.

மைக்குக்குப் போகல. வாசப்படிலயே நின்னான். வட்ட மூடியைக் கையால அழுத்திப் பிடிச்சுக்கிட்டு, பெருங்குரல்ல சொன்னான். "எல்லாரும் ஜன்னலைத் திறங்க! அந்த மைக்கை யாரும் தொடாதீங்க! எனக்கு வந்திருக்கலாம்னு நெனைக்கறேன். டெஸ்ட் எடுக்கப் போறேன். என் பக்கத்துல உக்காந்தவங்களும் எடுத்துக்கோங்க."

அப்புறம் நாற்காலி உருளற சத்தம். தாடைல தொங்கின மாஸ்க்கெல்லாம் கடகடன்னு மேல ஏறுச்சு.

"எல்லாம் நாடகம்! அண்ணனும் தங்கச்சியும் பேசி வெச்சு ஆடறாங்க!"ன்னார் துணிக்கடைக்காரர். சொன்னவரும் மூக்கை மூடிக்கிட்டுத்தான் சொன்னார். காலைல கடைல பார்த்த அந்தக் கண்ணாடிக்காரர் தன் மாஸ்க்கைத் தேடிப் பையெல்லாம் துழாவறார். ஓட்டு எடுக்கல. தலைவி அம்மா கூட்டத்தை ஒரு வாரம் தள்ளி வெச்சுட்டு, முதல் ஆளா வெளிய போயிட்டாங்க.

பெரியவனைக் கேம்புக்கு அனுப்பியாச்சு. டெஸ்ட் முடிவு நாளைக்குத்தான் வரும். அதுவரைக்கும் கடை மாடில பெயிண்ட் டின்னுங்களோட படுக்கை. போறப்ப ஒண்ணே ஒண்ணு சொன்னான். "ஆறு மணிக்கு அப்பாவுக்கு மருந்து வைக்கணும்டி."

யார் வைக்கறது? அண்ணி வைக்க முடியாது, அவனோட ஒரே வீட்டுல இருக்கறவ. அவளுக்கும் டெஸ்ட் எடுக்கணும். போன்ல விஷயத்தைக் கேட்டதும் கடையைச் சாத்திட்டு ஓடி வந்து வீட்டு வாசல்லயே நிக்கறா, உள்ள போகப் பயந்துக்கிட்டு.

"டின்னைத் திறந்தப்பவே எனக்கு என்னமோ மாதிரி இருந்துச்சு. நான் கேட்டிருக்கணும். கேக்காம விட்டுட்டேன்"னு சொன்னதையே சொல்லிக்கிட்டிருக்கா.

"விடுங்க அண்ணி. அவன் மூக்குல அவனுக்கே சந்தேகம் வரல, உங்களுக்கு எப்படி வரும்?"

அப்பா ரூம் ஜன்னல் சந்துப் பக்கம். கண்ணாடிக் கதவு சாத்தியிருக்கு. சின்னவ அங்க போய் நின்னு கண்ணாடியைத் தட்டினா.

அப்பா கட்டில்ல நிமிர்ந்து உக்காந்தார். அவளைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்லு. "அடடே! யார் ஜெயிச்சது?"

"அப்புறம் சொல்றேன்ப்பா! மூச்சு எப்படி இருக்கு?" கத்தித்தான் கேக்கணும். சந்துல நாலு வீட்டு ஜன்னல் திறந்துடுச்சு.

"எனக்கென்ன? ஜோரா இருக்கேன்." ஜோரா இருக்கேங்கறதுக்குள்ள நடுவுல ஒரு தடவை நிறுத்தி மூச்சு வாங்கினார்.

"விரல்ல மாட்டற மிஷின் மேஜை மேல இருக்கா? மாட்டிப் பார்த்துச் சொல்லுங்க!"

ரத்தத்துல எவ்வளவு ஆக்சிஜன் இருக்குன்னு காட்டற மிஷின் அது. எப்பவும் பெரியவன்தான் எதிர்ல நின்னு பார்த்து, நம்பரைச் சின்னவளுக்குப் போன்ல சொல்லுவான். இன்னிக்குத்தான் அப்பா தானே மாட்டறார். மாட்டினார், மூக்குக்குக் கிட்ட வெச்சு உத்துப் பார்த்தார். பரீட்சைல பாஸான பிள்ளை மாதிரி சத்தம் போட்டார்.

"தொண்ணூத்தெட்டு!"

"அப்பாடி!"ன்னு அண்ணி சந்து ஓரத்துல இருந்த கல்லுல உக்காந்தே போயிட்டா. "நூத்துக்குத் தொண்ணூத்தெட்டு! ஒண்ணும் இல்லடி, பயந்தே செத்தோம்."

சின்னவ உக்காரல. அப்பாவுக்கு நல்லா இருக்கற நாள்லயே தொண்ணூத்திமூணு தாண்டினதில்ல. இந்த நுரையீரலுக்குத் தொண்ணூத்தெட்டு எங்கேர்ந்து வரும்?

"அப்பா, கையைக் கண்ணாடிகிட்ட கொண்டு வாங்க!"

கொண்டு வந்தார். மிஷின் மேல அச்சடிச்ச எழுத்து அவருக்குத் தலைகீழா, எதிர்ல நிக்கற இவளுக்கு நேரா இருந்தது. அந்த எழுத்துக்குக் கீழதான் நம்பர். தொண்ணூத்தெட்டைத் தலைகீழாத் திருப்பினா என்ன வரும்னு நீங்களே எழுதிப் பாருங்க.

எண்பத்தாறு.

"அண்ணி, ஆம்புலன்ஸுக்குப் போன் போடுங்க"ன்னா, திரும்பாமலே. கை பைக்குள்ள கையுறையைத் தேடுது.

"என்னது? தொண்ணூத்தெட்டு நல்ல நம்பர்தானே?"

"போடுங்க அண்ணி."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அப்பா இன்னும் விரலைத் தூக்கிக் காட்டிக்கிட்டே சிரிக்கறார். மாஸ்க் இருந்ததால அவருக்குப் பொண்ணு வாயும் தெரியல, அது எப்படிக் கோணியிருக்குன்னும் தெரியல. கண்ணு மட்டும்தான் தெரிஞ்சது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

சிரிப்பு மெதுவா நின்னுது.

"குட்டி, என்னடி பண்ணுது உனக்கு?"ன்னார் அப்பா.